அஞ்சல் வருகிறது, ஆனால் வீட்டுக் கணினியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை

கேள்வி – கோத்தகிரி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே உள்ள எங்கள் ஊரில் சிறு தேயிலை விவசாயிகள் சிலருடைய பச்சைத் தேயிலைக் கணக்கை நான் பராமரித்து வருகிறேன். யார் எத்தனை கிலோ இலை கொடுத்தார்கள், ஈரத்துக்கென்று எவ்வளவு கழித்தார்கள் என்ற விவரத்தை, எடைச் சீட்டுகளின் படங்களுடன் சேர்த்து, வாரந்தோறும் தொழிற்சாலைக்கும் அந்தந்த விவசாயிக்கும் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். வீட்டுக் கணினியில் விண்டோஸ் 10 உள்ளது. அஞ்சலுக்குத் தண்டர்பேர்டு என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன்.

வடகிழக்குப் பருவமழையின்போது எங்கள் தெருவில் ஒரு சில்வர் ஓக் மரம் சாய்ந்து தொலைபேசிக் கம்பி அறுந்துபோனது. அதைச் சரிசெய்ய வெகுநாள் ஆகும் என்று தெரிந்ததால், வேறொரு நிறுவனத்தின் ஃபைபர் இணைப்புக்கு மாறினோம். அன்றிலிருந்து அஞ்சல்கள் வருவதில் எந்தக் குறையும் இல்லை. இணையப் பக்கங்களும் முன்பைவிட வேகமாகத் திறக்கின்றன. ஆனால் நான் எழுதும் அஞ்சல் ஒன்றுகூட வெளியே போகவில்லை. அனுப்பு என்பதை அழுத்தினால் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, அனுப்பும் சர்வரிடமிருந்து பதில் வரவில்லை, நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி நின்றுவிடுகிறது.

முகவரி பழைய இணைப்பு நிறுவனம் கொடுத்தது. கம்பி இணைப்பு போனாலும் அஞ்சல் கணக்கை மட்டும் கட்டணம் கட்டித் தொடர்கிறோம். தொழிற்சாலைப் பதிவேட்டிலும் வங்கியிலும் அந்த முகவரியே இருப்பதால் அதை விட்டுவிட இயலாது. ஃபைபர் இணைப்பைப் பொருத்த வந்தவர், அனுப்பும் போர்ட் (சர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் உரிய வாயிலின் எண்) 25 என்று இருந்ததை 465 என்று மாற்றிப் பார்த்தார். அதற்குப் பிறகும் அதே செய்திதான் வருகிறது. தற்போதுள்ள அமைப்பு: போர்ட் 465, பாதுகாப்பு ஸ்டார்ட்-டிஎல்எஸ், அங்கீகாரம் எதுவும் இல்லை. கணினியில் ஆன்டிவைரஸ் ஒன்றும் இருக்கிறது. கோளாறு கணினியிலா, புதிய இணைப்பிலா, பழைய நிறுவனத்தின் சர்வரிலா என்பதை எப்படிப் பிரித்து அறிவது என்று விளக்கினால் பெரும் உதவியாக இருக்கும்.

மறுமொழி – குன்னூர்

அம்மா, போர்ட் எண்ணையும் பாதுகாப்பு அமைப்பையும் அங்கீகாரத்தையும் தெளிவாக எழுதியிருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. தாங்கள் சொல்வதிலிருந்து கணினி பழுதாகவில்லை என்றே தெரிகிறது. இணைப்பு மாறியதால் பழைய அமைப்பு பொருந்தாமல் போயிருக்கிறது.

அஞ்சலைப் பெறுவதும் அனுப்புவதும் இரண்டு தனித்தனி வழிகள். தங்களுக்கு வரும் அஞ்சல் ஐமேப் முறையில், பெரும்பாலும் 993 என்ற போர்ட் வழியாக வருகிறது. போகும் அஞ்சல் எஸ்எம்டிபி முறையில் வேறொரு போர்ட் வழியாக, பல நேரங்களில் வேறொரு சர்வருக்கே போகிறது. ஆகவே ஒன்று நன்றாக இருப்பது மற்றொன்றுக்குச் சான்றாகாது. தண்டர்பேர்டில் அனுப்பும் சர்வரின் அமைப்பு அக்கவுன்ட் செட்டிங்ஸ் பட்டியலின் அடியில் தனியாக இருக்கும். அதன் கடவுச்சொல்லும் தனியாகவே சேமிக்கப்படும். பெறும் பக்கத்தில் எதை மாற்றினாலும் அனுப்பும் பக்கத்துக்கு அது எட்டாது.

போர்ட் 25 இப்போது ஏன் வேலை செய்யவில்லை என்பதைச் சொல்கிறேன். எஸ்எம்டிபி நெறிமுறை 1982-இல் ஜான் போஸ்டல் எழுதியது. அக்காலத்தில் கடவுச்சொல் கேட்கும் ஏற்பாடே அதில் இல்லை. பின்னாளில் நச்சு நிரல் புகுந்த வீட்டுக் கணினிகள் உரிமையாளருக்குத் தெரியாமல் போர்ட் 25 வழியாகக் குப்பை அஞ்சலைக் கொட்டத் தொடங்கியதால், வீட்டு இணைப்புகளில் அந்தப் போர்ட்டை அடைத்து வைப்பது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. 25 என்பது இன்று ஒரு சர்வர் மற்றொரு சர்வருக்கு அஞ்சலைக் கைமாற்றுவதற்கு மட்டுமே. வீட்டிலிருந்து அனுப்புபவர்களுக்கு உரியவை 587, 465 ஆகிய இரண்டும்தான். தங்கள் பழைய இணைப்பில் 25 வேலை செய்ததற்குக் காரணம், இணைப்பும் அஞ்சல் சர்வரும் ஒரே நிறுவனத்துடையவையாக இருந்தது. தன் வலையமைப்புக்குள்ளிருந்து வருபவரை அந்த சர்வர் கடவுச்சொல் கேட்காமலேயே ஏற்றுக்கொண்டிருக்கும். இப்போது தாங்கள் அதற்கு வெளியாள். கடவுச்சொல் காட்டாமல் அது தங்கள் கடிதத்தை வாங்காது.

இணைப்புப் பொருத்தியவர் 465-க்கு மாற்றியது சரியான திசைதான். ஆனால் 465-உடன் ஸ்டார்ட்-டிஎல்எஸ் சேராது. ஸ்டார்ட்-டிஎல்எஸ் முறையில், முதலில் சர்வர் 220 என்று தொடங்கும் வரவேற்பு வரியை அனுப்பும். அதைப் பார்த்த பிறகுதான் தண்டர்பேர்டு மறையாக்கத்துக்குப் (பிறர் படிக்க முடியாதபடி குறியீடாக்கிப் பேசுவதற்கு) போகலாம் என்று கேட்கும். போர்ட் 465-இல் இதற்கு நேர்மாறு: தண்டர்பேர்டு முதலில் மறையாக்கத்தைத் தொடங்க வேண்டும், அதுவரை சர்வர் வாய் திறக்காது. இரண்டையும் கலந்து வைத்தால் சர்வரின் வரவேற்புக்காகத் தண்டர்பேர்டும், தண்டர்பேர்டின் தொடக்கத்துக்காக சர்வரும் காத்துக்கொண்டிருக்கும். கடைசியில் நேரம் முடிந்தது என்ற செய்திதான் வரும். தாங்கள் காண்பது இதுவாகவே இருக்க வேண்டும். 25 அடைபட்டிருந்தாலும் இதே செய்தி வரும் என்பதால், போர்ட்டை மாற்றிய பிறகும் எதுவும் மாறாததுபோலத் தோன்றியிருக்கிறது.

எனவே 587 என்றால் ஸ்டார்ட்-டிஎல்எஸ், 465 என்றால் தொடக்கத்திலிருந்தே மறையாக்கம் செய்யும் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். அங்கீகாரம் என்ற இடத்தில் நார்மல் பாஸ்வேர்டு என்று தேர்ந்தெடுங்கள். 2018-இல் வெளியான ஒரு நெறிமுறை ஆவணம் 465-ஐ விரும்பத்தக்கது என்கிறது. ஆயினும் தங்கள் சர்வர் எதைத் திறந்து வைத்திருக்கிறதோ அதுவே தங்களுக்கு உகந்தது. அதை அறிய, விண்டோஸில் பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையைத் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்ஷன் (Test-NetConnection) என்ற கட்டளையுடன் அனுப்பும் சர்வரின் பெயரையும் போர்ட் எண்ணையும் கொடுங்கள். கடைசி வரியில் ட்ரூ என்று வந்தால் வழி திறந்திருக்கிறது. 25, 465, 587 மூன்றையும் இப்படிச் சோதியுங்கள். மூன்றுமே ஃபால்ஸ் என்று வந்தால், கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்து மறுபடி சோதியுங்கள். அங்கு ட்ரூ என்று வந்தால் குறை ஃபைபர் இணைப்பில். அங்கும் ஃபால்ஸ் என்றால் கணினியின் ஃபயர்வாலையோ சர்வரையோ பார்க்க வேண்டும். தாங்கள் கேட்ட பிரித்தறியும் வழி இதுதான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பின் தங்கள் முகவரிக்கே இணைப்புக் கோப்பு எதுவும் இல்லாமல் இரண்டு வரி அனுப்பிப் பாருங்கள். தோல்வியடைந்தால் திரையில் வரும் செய்தியை மூடிவிடாமல் எண்ணோடு எழுதி வையுங்கள். 535 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை. 530 என்றால் மறையாக்கமோ அங்கீகாரமோ இல்லாமல் அனுப்ப முயல்கிறோம். ரிலே (அஞ்சலைப் பிறருக்குக் கைமாற்றுதல்) என்ற சொல்லுடன் 550 அல்லது 554 வந்தால் சர்வர் நம்மை வெளியாளாகப் பார்க்கிறது. 552 என்றால் கடிதத்தின் அளவோ பெட்டியின் அளவோ வரம்பைத் தாண்டிவிட்டது. எண் ஏதாவது வந்துவிட்டாலே, இணைப்பு சர்வர்வரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு போர்ட்டைத் திருகிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

ஜிமெயில் முகவரியைத் தண்டர்பேர்டு வழியாகப் பயன்படுத்துபவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். 2022 மே 30 முதல் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வழக்கமான கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து இத்தகைய மென்பொருள்களில் நுழைய முடியாது. ஓ-ஆத் என்ற அங்கீகார முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அல்லது இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு 16 எழுத்துகள் கொண்ட ஆப் பாஸ்வேர்டு பெற்றுப் போட வேண்டும்.

கடவுச்சொல்லை இங்கே எழுதிவிடாதீர்கள், அம்மா. பழுதுபார்க்க வருபவரிடமும் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டாம். தாங்களே தட்டச்சு செய்யுங்கள். விவசாயிகளின் பணக் கணக்கு அந்தப் பெட்டியில் இருக்கிறது.

மறுமொழி – உதகை

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே உள்நுழைந்து உலாவியில் எழுதி அனுப்பிவிடலாமே. எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறோம். போர்ட், சர்வர் என்ற பேச்சே எழுவதில்லை. இந்த வாரக் கணக்கு தாமதமாகாமல் இருப்பதற்காவது அந்த வழியில் அனுப்பிவிடுங்கள். அங்கே போய்விட்டால் கணக்கு முடக்கப்படவில்லை என்பதும் உறுதியாகிவிடும்.

கேள்வி கேட்டவர் – கோத்தகிரி

இருவருக்கும் நன்றி. உதகை ஐயா சொன்னபடி உலாவி வழியாக இந்த வாரக் கணக்கை அனுப்பிவிட்டேன்; அது போய்ச் சேர்ந்தது. ஆயினும் நிரந்தரமாக அப்படிச் செய்ய இயலாது. மழைக்காலத்தில் இங்கே மின்சாரமும் இணைப்பும் அடிக்கடி நின்றுவிடும். இணைப்பு இல்லாத வேளையிலும் பழைய கடிதங்களைத் தேடி, கணக்கை எழுதி வைத்து, இணைப்பு வந்ததும் மொத்தமாக அனுப்புவதற்குத்தான் கணினியில் மென்பொருளை வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டுச் சீட்டில் கழிவு எவ்வளவு போட்டார்கள் என்று ஒரு விவசாயி கேட்டால், இணைப்பு வரும்வரை காத்திருங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வராது.

சோதனையில் 25 ஃபால்ஸ் என்றும், 465, 587 இரண்டும் ட்ரூ என்றும் வந்தன. 587, ஸ்டார்ட்-டிஎல்எஸ் என்று வைத்தவுடன் பழைய செய்தி மறைந்து, ரிலே அனுமதி இல்லை என்று 550 வந்தது. அங்கீகாரத்தை இயக்கியபோது 535 வந்தது. பெறும் பக்கத்தில் பயனர் பெயர் அட் குறிக்கு முந்தைய பகுதி மட்டுமாக இருக்கிறது, அது அங்கே ஏற்கப்படுகிறது. அனுப்பும் பக்கத்தில் முழு முகவரியையும் கொடுத்த பிறகே கடிதம் போனது. எண்களின் பொருளைத் தாங்கள் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் ஒவ்வொரு படியிலும் எங்கே நிற்கிறேன் என்பது தெரிந்தது.

இப்போது வெறும் கடிதங்கள் உடனே போகின்றன. ஆனால் எடைச் சீட்டுப் படங்களை இணைத்து அனுப்பினால், மொத்தம் 12 எம்பி அளவு வரும், நீலப் பட்டை கடைசிவரை நகர்ந்து அங்கேயே நின்றுவிடுகிறது. பிறகு தோல்வி என்கிறது. நான் மறுபடி அனுப்புகிறேன். இதற்கிடையில் தொழிற்சாலை எழுத்தர் தொலைபேசியில் அழைத்து, ஒரே கணக்கு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, எதைப் பதிவேட்டில் ஏற்றுவது என்று கேட்கிறார். போகவில்லை என்று கணினி சொல்லும் கடிதம் அங்கே எப்படிப் போய்ச் சேருகிறது?

மறுமொழி – தாண்டிக்குடி, பழனி மலை

பெரிய கோப்புகளை அனுப்புவதில் உள்ள தொல்லையை எங்கள் பக்கத்தில் நிறையவே பார்த்திருக்கிறோம் என்பதால் எழுதுகிறேன். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஃபைபர் இன்னும் வராத வீடுகளில் 4ஜி ரவுட்டர்தான் துணை. கோபுரம் பல பத்து வாட் ஆற்றலில் பேசுகிறது. நம் ரவுட்டரும் கைபேசியும் திருப்பிப் பேசுவது ஏறத்தாழ 0.2 வாட்டில். மலை மடிப்புக்குள் இருக்கும் வீட்டில் படம் பார்ப்பதற்குக் குறையில்லாத இணைப்பு, ஒரு கோப்பை ஏற்றும்போது மூச்சுத் திணறுவது அதனால்தான். தங்களுடையது ஃபைபர் என்பதால் இந்தக் குறை இருக்காது. ஆனாலும் வேகச் சோதனையில் பதிவேற்றம் என்று வரும் எண்ணை ஒருமுறை பாருங்கள். மலையூர்களில் கிடைக்கும் எல்லா இணைப்புகளிலும் இறக்கமும் ஏற்றமும் சமமாக இருப்பதில்லை.

12 எம்பி என்பது அஞ்சலில் 12 எம்பியாகப் போவதில்லை. அஞ்சல் முறை எழுத்துகளுக்காக உருவானது. படத்தை அனுப்ப அதை எழுத்துகளாக மாற்ற வேண்டும். அதில் 3 பைட் 4 எழுத்தாகிறது. வரி முறிவுகளையும் சேர்த்தால் தங்கள் கடிதம் 16 எம்பியைத் தாண்டிவிடும். பதிவேற்ற வேகம் நொடிக்கு 1 மெகாபிட் என்றால் அது போய்ச் சேரவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஜிமெயிலின் 25 எம்பி வரம்பும் இப்படி மாற்றிய பிறகு உள்ள அளவுக்கே. 18 எம்பியைத் தாண்டும் கோப்பு அதில் போவது சந்தேகம்தான்.

இனி, கடிதம் திரும்பத் திரும்பப் போய்ச் சேர்வதற்கு வருகிறேன். என் பார்வையில் தங்கள் கேள்வியிலேயே மிக மதிப்புள்ள தகவல் அதுதான். சிறிய கடிதம் போகிறது, பெரியது நிற்கிறது என்றவுடன் பலரும் ரவுட்டரின் எம்டியு அளவை, அதாவது ஒரே தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவை, சந்தேகிப்பார்கள். பிபிபிஓஇ என்ற, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறையில் ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 1500-க்குப் பதில் 1492 பைட். அது சரியாகப் பேசி முடிக்கப்படாவிட்டால் பெரிய பொட்டலங்கள் நடுவழியில் காணாமல் போகும். அது உண்மையான கோளாறுதான், ஆனால் தங்களுடையது அது அன்று. எம்டியு கோளாறாக இருந்தால் கடிதம் முழுமையாகப் போய்ச் சேர்ந்திருக்கவே முடியாது. எழுத்தர் கையில் கணக்கு கிடைத்திருக்கிறது என்றால், கடைசிப் பைட் வரை சர்வரிடம் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஏதோ தவறுகிறது.

கடிதம் முடிந்தது என்பதற்குத் தனிப் புள்ளி ஒன்றை ஒரு வரியில் அனுப்ப வேண்டும். சர்வர் 250 என்று ஒப்புதல் தர வேண்டும். பெரிய இணைப்புக் கோப்பு வந்தால் சர்வர் அதை நச்சு நிரலுக்காகச் சோதித்துவிட்டுத்தான் ஒப்புதல் தரும். அந்த ஒப்புதலுக்குப் 10 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்கிறது எஸ்எம்டிபி நெறிமுறை. தண்டர்பேர்டு இயல்பாகக் காத்திருப்பது 100 நொடி. இடையில் தங்கள் ஆன்டிவைரஸும் போகும் அஞ்சலை நிறுத்திச் சோதித்தால் இன்னும் தாமதமாகும். ஒப்புதல் கைக்கு வருவதற்குள் தண்டர்பேர்டு தோல்வி என்று அறிவித்துவிடும். சர்வரோ கடிதத்தை ஏற்றுக்கொண்டு அனுப்பியிருக்கும். ஆகவே ஆன்டிவைரஸை முழுவதும் நிறுத்தாமல், அதில் போகும் அஞ்சலைச் சோதிக்கும் பிரிவை மட்டும் அணைத்துப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் தண்டர்பேர்டின் கான்ஃபிக் எடிட்டரில் டிசிபி டைம்-அவுட் என்று முடியும் வரியில் உள்ள 100-ஐ 300 ஆக்குங்கள்.

படங்களையும் சுருக்கிவிடுங்கள். எடைச் சீட்டில் படிக்க வேண்டியது தேதி, பெயர், கிலோ, கையொப்பம் ஆகியவை மட்டுமே. அதற்குக் கைபேசிக் கேமராவின் முழு அளவுப் படம் வேண்டியதில்லை. ஸ்கேன் செயலியில் சாம்பல் நிறத்தில் பிடிஎஃப் ஆக எடுத்தால் ஒரு சீட்டு சில நூறு கேபிக்குள் அடங்கும். எழுத்தரும் எளிதாக அச்சிட்டுக்கொள்வார்.

மறுமொழி – குன்னூர்

தாண்டிக்குடி ஐயா சொன்னதோடு இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஐமேப் கணக்கில் ஒரு கடிதம் இரண்டு முறை மேலே ஏறுகிறது: முதலில் எஸ்எம்டிபி வழியாகப் பெறுநருக்கு, அடுத்து ஐமேப் வழியாகத் தங்கள் சென்ட் பெட்டிக்கு நகலாக. இரண்டாவதில் தடங்கல் வந்தாலும் ஒரு எச்சரிக்கைப் பெட்டி எழும். அவசரத்தில் பார்ப்பவருக்கு அது அனுப்புவதில் வந்த தோல்வியாகவே தோன்றும். அடுத்த முறை பட்டை நிற்கும்போது அதன் மேலே உள்ள வரியைப் படித்துப் பாருங்கள். அனுப்புகிறது என்று இருக்கிறதா, நகலைச் சேமிக்கிறது என்று இருக்கிறதா?

கேள்வி கேட்டவர் – கோத்தகிரி

நகலைச் சேமிக்கிறது என்றுதான் இருக்கிறது. உலாவியில் பார்த்தபோது, பல ஆண்டுகளின் படங்கள் சேர்ந்து பெட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய நிரம்பியிருப்பதும் தெரிந்தது. சிறிய கடிதத்துக்கு இடம் இருக்கிறது, 16 எம்பி நகலுக்கு இல்லை. ஆன்டிவைரஸில் எதையும் மாற்றவில்லை. பழைய கடிதங்களைப் படங்களோடு கணினிக்கு நகர்த்தி இடம் ஏற்படுத்திய பின் அதே கணக்கு எச்சரிக்கை இல்லாமல் போனது. எழுத்தருக்கும் ஒரே பிரதிதான் கிடைத்திருக்கிறது. இனிச் சீட்டுகளைச் சாம்பல் நிறப் பிடிஎஃப் ஆகவே எடுக்கப் போகிறேன். மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நகர்த்திய கடிதங்கள் இனிக் கணினியில் மட்டும்தான் இருக்குமா?

மறுமொழி – குன்னூர்

ஆம், அம்மா. லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு நகர்த்தியவை இனி சர்வரில் இல்லை. வன்தட்டு பழுதானால் அவையும் போய்விடும். தண்டர்பேர்டில் ஹெல்ப் பட்டியலில் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் என்பதைத் திறந்தால் ப்ரொஃபைல் கோப்புறை எங்கே இருக்கிறது என்று காட்டும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்தக் கோப்புறையை முழுவதுமாக ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். அதில் கடவுச்சொற்களும் இருக்கும் என்பதால் பென்டிரைவைப் பூட்டி வைக்கும் இடத்திலேயே வையுங்கள். எழுத்தரிடம் எந்த வாரக் கணக்குகள் இரட்டிப்பாகச் சேர்ந்தன என்று கேட்டு, பதிவேட்டில் ஒருமுறைதான் ஏறியிருக்கிறதா என்பதையும் பணம் பட்டுவாடா ஆவதற்கு முன் சரிபார்த்துவிடுங்கள்.